துரு போட்ட நட்சத்திரம்

அருங்காட்சியகத்தில் ஆள் நுழையக்கூடிய பழைய இரும்பு வான்கோளம் ஒன்று இருந்தது. அதன் தகட்டில் துளைத்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் வரும். உள்ளே நிற்பவர்களுக்கு அவைதான் நட்சத்திரங்கள்.

ஒருநாள் துரு தகட்டைத் தின்று புதிதாக ஓர் ஓட்டை போட்டது.

"அடப்பாவி, என்னைக் காயலான் கடைக்கு அனுப்பிடுவியே!" என்று கோளம் அலறியது.

"பசி, அண்ணாச்சி. உங்களை விட்டா எனக்கு யாரு?" என்றது துரு.

அன்று வந்த கூட்டம் முழுவதும் அந்த ஓட்டைக்குக் கீழேயே நின்றது. அதன் பெயர் தெரியாத வழிகாட்டி, "இது ரொம்ப முக்கியமான நட்சத்திரம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் கோளம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி, சாப்பிட்டியா? கிழக்குப் பக்கம் கொஞ்சம் வெறிச்சுன்னு கிடக்கு."