அரையடி ஆழம்

மேட்டிலிருந்து சரிந்த சேறு மகள் வீட்டு வாசற்கதவை இடுப்பளவுக்கு அடைத்திருந்தது. ஜன்னல்களிலோ இரும்புக் கம்பி. உள்ளே அவளும் கைக்குழந்தையும். மருமகன் மண்வெட்டியால் அள்ள அள்ள, அள்ளிய இடத்தில் மழை மறுபடியும் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது.

மாமனார் தன் போன் சட்டைப்பையில் இருக்க, மருமகனின் போனைப் பிடுங்கினார். மேலே சோலார் பண்ணைக்கு நிலம் வெட்டும் கம்பெனி இன்ஜினியரை அழைத்தார்.

“தம்பி, ஒரு பொக்லைனை உடனே கீழ அனுப்புங்க. ரெண்டு உசுரு உள்ள மாட்டிக்கிச்சு!”

“எங்க மண்ணு இல்லீங்களே அது. ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க.”

“அவங்க வர ஒரு மணி நேரம் ஆகுமாம். இது உங்க மண்ணுதான் தம்பி!”

“வாய்ப்பே இல்ல. சரிவு முழுக்க மண்ணு இறங்காம தடுப்புத் துணி கட்டியிருக்கோம்.”

“கட்டினாப் போதுமா? துணியோட அடிப்பக்கத்தை அரையடி மண்ணுல புதைக்கணும். நீங்க சும்மா தொங்க விட்டிருக்கீங்க. அடி வழியாத்தான் எல்லாம் வருது.”

“புதைச்சிருக்குன்னு அதிகாரியே பார்த்துச் சான்றிதழ் குடுத்திருக்காரு. அவரைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுமோ?”

உள்ளே வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கியது.

“தெரியும் தம்பி,” என்றார் மாமனார். “நீங்கதானே குடையைப் பிடிச்சுக்கிட்டு ஜீப் ஜன்னல்ல அந்தச் சான்றிதழை நீட்டினீங்க? நான் கீழ இறங்காமலே கையெழுத்து போட்டேனே!”