நாலு சக்கரத்துக்கும் காத்து

"எறங்குடா மண்ணுல!"ன்னு சொல்றாப்பல ஆரன் அடிச்சுக்கிட்டே எதுக்கால வந்துச்சு ஒரு ஜீப்பு.

ராசப்பன் எறங்கல. ஒத்தைத் தார் ரோட்டுல, என்ற மொபெட்டும் ஒரு வண்டிதான்னு நட்டநடுவுலயே போனான். கடைசி நிமிசத்துல மொபெட்டே பயந்துக்கிச்சு. வேலி முள்ளுக்குள்ள பூந்து நின்னுச்சு.

ஜீப்பு நிக்கல. தூசியக் கெளப்பிட்டு எருமப்பட்டிப் பக்கமாப் பறந்துருச்சு.

நின்னு திட்டக்கூட ராசப்பனுக்கு நேரமில்ல. காரணம், கொள்ளு.

ரெண்டு ஏக்கராக் கொள்ளுச் செடியப் புடுங்கி, காட்டு முன்னால தார் ரோட்டுல பரப்பியிருக்கறான். எப்பவும் போற வாற லாரியே மத்தியானத்துக்குள்ள மிதிச்சுக் குடுத்துரும். கூலி கேக்காது, காப்பித்தண்ணி கேக்காது. இன்னிக்குப் பாத்து லாரி ஸ்ட்ரைக்கு. காலையிலிருந்து ஒரு சக்கரம் ஏறல. மேல பாத்தா கருகருன்னு மேகம். தை மாசத்துல எவன் கூப்புட்டான் இந்த மழைய? நனைஞ்சா மூணே நாள்ல மொளைச்சிரும். வருசத்து வெள்ளாமை போச்சு.

பொண்டாட்டி சௌந்திரத்தக் காவலுக்கு நிறுத்திப்போட்டு, நாமக்கல்லுல லாரிக்குக் கூண்டு கட்டற பட்டறையில கொள்ள மூடப் படுதா எரவல் வாங்கத்தான் இந்த ஓட்டம்.

ரெண்டு மணி நேரம் கழிச்சுப் படுதாவோட திரும்பி வாரான். காட்டுக்கு ஒரு மைல் இருக்கையில, மாதையன் டீக்கடை வாசல்ல அதே ஜீப்பு!

"யாருதுடா மாதையா இது?"

"எவனோ சேலத்துக்காரனாம். ஒடம்பெல்லாந் தூசி. டீ போட்டு வையி, பொறத்தால பம்ப்செட்டுல குளிச்சுட்டு வாரேன்னு போயிருக்கறான்."

நடந்ததச் சொல்லி, முள்ளு கிழிச்ச காலக் காட்டினான் ராசப்பன். அங்க டீ குடிச்சுட்டு இருந்த டாக்சிக்காரன் சின்னராஜுக்குப் பொங்கிருச்சு.

"ஜீப்பு வாங்கறப்ப ரோட்டையும் சேத்து எழுதிக் குடுத்துருவாங்களாட்ட இருக்குது! மண்ணுல போறதுக்குன்னே செஞ்ச வண்டி, ஆனா மண்ணுல எறங்கறது நாமளாம்!"

ராசப்பன் குனிஞ்சு வண்டிக்கு அடியில பாத்தான். "அச்சுல பாரு, கொடி சுத்திக் கெடக்குது. எவன் பயிர மிதிச்சுட்டு வந்தானோ, பாவி! நாலு சக்கரமும் இழுக்குமாமில்ல? இன்னிக்கு எப்படி இழுக்குதுன்னு பாப்போம்."

வால்வு மூடியத் திருகினான். தீக்குச்சிய வெச்சு அமுக்கினான். உஸ்ஸ்ஸ்...

சின்னராஜு இன்னொரு சக்கரத்துக்கிட்ட உக்காந்தான். மாதையன் டீய வெச்சுட்டு மூணாவதுக்கு வந்தான். "எனக்கு அந்த ஆளு மேல கோவமில்லப்பா. சும்மா ஒரு ஒத்தாசைக்கு."

நாலாவதையும் ராசப்பனே முடிச்சான். நாலு மூடியும் அவன் சட்டப் பைக்குள்ள போச்சு. தீவாளிக்கு மாமனார் எடுத்துக் குடுத்த, கண்ணாடியாட்ட டெர்லின் சட்டை.

சிரிச்சுக்கிட்டே காடு வந்து சேந்தா, சௌந்திரமும் சிரிச்சுக்கிட்டே நிக்கறா. பாதிக் கொள்ளு உதிந்து ரோடெல்லாம் பரவிக் கெடக்குது.

"லாரி ஓடுதா புள்ள?"

"லாரி எங்கீங்க மாமா? ஒரு ஜீப்புக்கார அண்ணன். பேரு கஸ்பாராம். வண்டிய நிறுத்தி அண்ணாந்து மானத்தப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. 'வழியில ஒரு மொபெட்டுக்காரர முள்ளுல தள்ளிப்புட்டேம்மா. மனசு கேக்காம திரும்பிப் போயிப் பாத்தா ஆளக் காணோம். அந்தப் பாவத்துக்கு இதையாவது மிதிச்சுக் குடுக்கறேன்'னாரு. முன்னால போயி, பின்னால வந்து, அம்பது நடை இருக்குமுங்க!"

ராசப்பன் சட்டப் பையத் தொட்டுப் பாத்தான். "இப்ப... எங்க அவரு?"

"மாதையங் கடையில ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து மீதியும் முடிச்சுத் தாரேன்னு போனாரு. ஏனுங்க, வழியில பாக்கலைங்களா?"

மேல டமார்னு ஒரு இடி.

"காத்தடிக்கற பம்பு எங்க புள்ள?"

டீக்கடையில ஜீப்பு எருமையாட்டம் படுத்துக் கெடந்துச்சு. சின்னராஜையும் காணோம், டாக்சியையும் காணோம். மாதையன் கழுவுன டம்ளரையே திருப்பித் திருப்பிக் கழுவிட்டு இருந்தான். ஈரத் தலையோட டீ குடிச்சுட்டு நின்னாரு கஸ்பாரு.

ராசப்பன் நேரா ஜீப்புக்கிட்டப் போனான். முதல் சக்கரத்துக்கிட்ட உக்காந்து பம்ப மாட்டினான்.

"காலையில நான் தள்ளுனது உங்களத்தானுங்களே?"

"ஆ... ஆமாங்க."

"தள்ளுனவனுக்கே வந்து காத்தடிக்கறீங்களே! இந்த மனசு யாருக்குங்க வரும்?"

மாதையன் கையிலிருந்து டம்ளரு நழுவி ஒடைஞ்சுது.

"எந்தப் படுபாவி புடுங்கி உட்டானோ!"ன்னான் ராசப்பன், டயரப் பாத்துக்கிட்டே.

"அதானுங்க. நல்லா இருக்கட்டும்."

ரெண்டு சக்கரத்துக்கு ராசப்பன் அடிச்சான். நாக்குத் தள்ளிருச்சு. மீதி ரெண்டுக்குப் பம்பப் புடுங்கிக் கஸ்பாரே அடிச்சாரு. ஜீப்பு எந்திரிச்சு நின்னுச்சு.

கஸ்பாரு வண்டிய எடுத்தாரு. "வாங்க சாமி, மழைக்கு முந்தி உங்க கொள்ள முடிச்சுப்புடலாம்."

ராசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்ற கொள்ளுன்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"ஊட்டுக்காரரு படுதா வாங்க மொபெட்டுல போயிருக்காருன்னு அந்தம்மா சொல்லுச்சுங்க. நீங்களும் படுதாவோடதான் போனீங்க. குளிச்சுட்டு இருந்த எடத்துலிருந்து கடை வாசலு நல்லாத் தெரியுதுங்க."

அப்பறம் அந்த டெர்லின் பையப் பாத்துச் சிரிச்சாரு.

"அந்த மூடி நாலையும் திருகிட்டு ஏறுங்க சாமி. காத்து எறங்கிரும்."