மிச்சக் கிளை

கண்வலிக் கிழங்கு கவைபோல இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். நாச்சிமுத்து ஒரு கிளையைத்தான் தின்றிருந்தான், அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் அவன் பெண்டாட்டி சரசாள் மிச்சக் கிளையை வரப்போரம் நட்டாள். மழைக்கு முளைத்ததும் கம்பி கட்டி ஏற்றியும் விட்டாள்.

"எம் பையனக் கொன்னதுக்குப் பந்தல் போடறியா அம்மிணி? புடுங்கி வீசு" என்றாள் மாமியார் பாவாத்தாள்.

"காடு பூரா அதே விசந்தானுங்க அத்தை. எதைய விட்டு எதையப் புடுங்கறது?"

மருந்துக்கு விதை விற்கத்தான் காட்டில் அந்தப் பயிர்; காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் பிடிக்கும். சரசாள் காடு முழுக்கத் தொட்டு வைத்தாள். அந்தக் கொடியை மட்டும் தொடவில்லை. பூக்கட்டும், ஆனால் அதன் விதை வேண்டாம் என்று இருந்தாள்.

ஐப்பசியில் பார்த்தால், அதில் ஏழு பிஞ்சு தொங்கியது.

வீட்டுக்கு ஓடினாள். பாவாத்தாள் வட்டிலில் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மஞ்சளாய் மகரந்தத் தூள்.

"அவனுக்குத்தான் ஒரு புள்ளையும் தங்கல. இதுக்காச்சும் புடிக்கட்டும் அம்மிணி."

"மொதல்ல கையக் கழுவுங்க அத்தை."

பாவாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டு அந்தக் கையாலேயே சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.