மிச்சத் தண்ணீர்

மூடி அசையவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் திருகிப் பார்த்தாள். வாஷிங் மெஷினின் அடியில், நிலத்தோடு ஒட்டியிருக்கிற, தண்ணீர் வடிக்கிற சின்ன மூடி. விரல்தான் விறைத்தது. சனியன், என்று மனதுக்குள் திட்டினாள்.

ஏரிக்கரை மரவீட்டில் ஹீற்றர் இல்லை. மெஷின் பம்புக்குள் ஒரு கை தண்ணீர் நின்றாலும் போதும், உறைந்து பருத்து அதைப் பிளந்துவிடும். வருசா வருசம் குளிருக்கு முன் புருசன்தான் தண்ணீரை வடித்து, உறையாத ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி வைப்பார்.

அவர் கண்ணை மூடி இரண்டு மாதம்.

அம்மாவால் ஏலாது, வீட்டை வித்துப்போடுவம் என்கிறான் மகன் நிரோஜன். ஏலும் என்று சொல்லிவிட்டு, ஒரு போத்தல் திரவத்தோடு தனியே கார் ஓட்டி வந்திருந்தாள். மெஷின் வெடித்தால் அவன் சொன்னது சரியாகிவிடும். வீடும் போய்விடும்.

தண்ணீர் ஏந்த, தட்டையான பேசினை அடியில் செருகினாள். முழங்காலில் நின்று இரண்டு கையாலும் திருகினாள்.

இளகியது.

தண்ணீர் வழிந்தது.

ரோஸ் நிறத்தில்.

டோர்ச்சை மெஷினுக்குப் பின்னால் அடித்தாள். குழாய்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டு, சுருட்டி ஆணியில் தொங்கின. கட்டியிருந்தது அவர் வீட்டில் உடுத்துகிற பழைய சாரத்தின் கிழிசல்.

ஆகஸ்ட்டில்தான் கடைசியாகச் சேர்ந்து வந்தார்கள். கொளுத்துகிற வெயில். போர்வைகளை இங்கே தோய்க்க அவர் விடவேயில்லை. அழுக்கு மூட்டையைக் காரில் ஏற்றும்போது அவள் புறுபுறுத்தாள்.

"நீர் காருக்குள்ள இரும். நான் பூட்டிப்போட்டு வாறன்" என்றார்.

பூட்ட வெகுநேரம் எடுத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். காற்சட்டை முழங்காலில் ஈரம்.

அந்த வெயிலில் குளிருக்கு ஆயத்தம் செய்திருக்கிறார். சொல்லவில்லை. சொல்லியிருந்தால், குளிர்வரை இருக்கமாட்டார் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

கடைக்காரனுக்கு நன்றி சொல்வாள். பஸ்ஸில் இறங்கும்போதும் சொல்வாள். அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. புருசன் பெண்சாதிக்குள் அப்படியொரு வழக்கம் இல்லை.

"இஞ்சாருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டாள்.

மிச்சம் வரவில்லை.

மூடியை இறுக்கினாள். பேசினை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், அவர் ஊற்றியதையே திரும்ப உள்ளே ஊற்றினாள்.

கொண்டுவந்த போத்தலைத் திறக்காமல் அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்.