அண்ணன் வண்டி முன்னாடி

"அந்த வண்டி வேண்டாமுங்க. மாமாவோட போட்டோவ உங்க வண்டி முன்னாடி கட்டிட்டுப் போயிரலாமுங்க" என்றான் ராசப்பனின் மருமகன் சுவாமிநாதன், மறுபடியும்.

தீனதயாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மாப்ள பேசறீங்க? ராசப்பண்ணனோட மொத வருச நெனவு நாளு. சேலத்துலருந்து, ஈரோட்டுலருந்து இத்தனை பேரு வந்து நிக்கறோம். அவரு வண்டி முன்னாடி போகாம நாங்க எதுக்குக் கொல்லிமலை ஏறணும்?"

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், தோட்டத்து வீட்டு வாசலில் பழைய ஜீப்புகள் வரிசைகட்டி நின்றன. பெரும்பாலும் ஓட்டுகிறவரைவிட வண்டிக்கு வயது அதிகம். பாதி, தள்ளிவிட்டால்தான் கிளம்பும். அந்தக் கூட்டத்துக்கு ராசப்பன் என்றால் உயிர். அவர் மெக்கானிக்கும் இல்லை, முதலாளியும் இல்லை. மரவள்ளி போட்டுப் பிழைத்த விவசாயி. ஆனால் மலைப்பாதையில் எவன் வண்டி மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும், பெண்டாட்டிக்குக்கூட அப்புறம்தான். மனுஷன் சாப்பிட்ட கையோடு ஓடி வருவார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தீனதயாளனுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ராசப்பனின் மனைவி ஆத்தாயியைக் கணவரின் ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து, மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்தவர் அவர்தான். ராசப்பன், பாவம், "அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குறையையாவது இன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். இந்த மாப்பிள்ளையோ வண்டியை மூடியிருக்கும் தார்ப்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறான்.

"ஏனுங்க சாமி, ஆச்சுங்களா? நான் சீலை மாத்திட்டேனுங்க!" உள்ளேயிருந்து ஆத்தாயியின் குரல் வந்தது.

"இதோ ஆச்சுக்கா!" என்று கத்திவிட்டு, தீனதயாளன் பல்லைக் கடித்தார்.

ராசிபுரத்திலிருந்து வந்திருந்த ஜீவானந்தம் அவர் தோளைத் தட்டினார். "பதறாதய்யா. வண்டி நின்னு ரொம்ப நாளாச்சு. அண்ணனே கடைசிக் காலத்துல மொபட்லதான வந்தாரு? பேட்டரி படுத்திருக்கும், மாப்ள அதுக்குக் கூச்சப்படறாரு."

"மொபட்ல வந்தாலும் வெறுங்கையோட வந்தாரா மனுஷன்? பாதி மலையில கார்பரேட்டர் போயி நிக்கறேன். சாக்குப்பையில ஒண்ணக் கட்டிக் கொண்டாந்து மாட்டிவிட்டாரு. 'வெச்சுக்கங்க தம்பி, ஊட்டுல சும்மா கெடந்துச்சு'ன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அதுலதான் ஓட்டறேன். அந்த மனசு யாருக்குய்யா வரும்?" என்றார் தீனதயாளன்.

"எனக்கு ரேடியேட்டரே வந்துச்சே! அவரு ஊட்டுல சும்மா கெடக்காத சாமானே கெடையாது" என்று சிரித்தார் ஜீவானந்தம்.

"மாப்ள, நகருங்க. பேட்டரி என் வண்டியில இருக்குது." சுவாமிநாதன் தடுப்பதற்குள் தீனதயாளன் தார்ப்பாயைச் சரசரவென்று இழுத்துவிட்டார். பானட்டைத் தூக்கினார்.

உள்ளே பாதி காலி. ரேடியேட்டர் இருந்த இடத்தில் தரை தெரிந்தது. கார்பரேட்டர் இல்லை, செல்ஃப் மோட்டார் இல்லை, டைனமோ இல்லை. வயர்கள் மட்டும் நுனியில் துணி சுற்றிப் பத்திரமாகத் தொங்கின.

"அடப்பாவி!" தீனதயாளன் சுவாமிநாதனின் சட்டையைப் பிடித்துவிட்டார். "இதுக்குத்தான் வேண்டாம் வேண்டாம்னயா? மாமனாரு செத்து இன்னைக்குத்தான் ஒரு வருசம் ஆகுது, அதுக்குள்ள கழட்டி இரும்புக்கடைக்குப் போட்டுட்டயா?"

"நான் ஒண்ணையுந் தொடலைங்க."

"பின்ன யாரு தொட்டா? சொல்லு!"

"என் வாயால சொல்ல முடியாதுங்க. மாமாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்த மனுஷனை எதுக்குடா இழுக்கற?" ஜீவானந்தமும் இப்போது கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். சுவாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

சத்தம் கேட்டு ஆத்தாயி வெளியே வந்தாள். கூடையில் தேங்காயும் பூவும். காலில் செருப்புகூடப் போட்டாயிற்று.

"அய்யோ, உடுங்க சாமி! மாப்ளைய எதுக்குப் புடிக்கறீங்க? வெயில் ஏறுதுங்க. வெரசா மாட்டுங்க, கெளம்பலாம்."

"எதைக்கா மாட்டறது? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"கழட்டுனதையெல்லாந்தானுங்க. அதுக்குத்தான அல்லாரும் வந்திருக்கீங்க? 'அண்ணன் வண்டி முன்னாடி போகும்'னு நீங்க போன்ல சொன்னீங்களே, அன்னைக்கிருந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க, அத்தனை சந்தோசம்."

தீனதயாளனின் கை சட்டையிலிருந்து தானாக நழுவியது. "நாங்க என்னத்தக்கா கழட்டுனோம்?"

"நீங்க எங்க கழட்டுனீங்க? அவருதான் கழட்டுனாரு. உங்களுக்குத்தான கார்பரேட்டரு?"

"அது... ஊட்டுல சும்மா கெடந்துச்சுன்னாரேக்கா!"

ஆத்தாயி அவரை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு, திறந்து கிடந்த ஜீப்பைக் கை காட்டினாள்.

"எங்க ஊட்டுல கெடந்தது இந்த ஒத்த வண்டிதானுங்களே, சாமி."