மஞ்சள் அடிக்கோடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் வாசகர் வட்டம் கூடியிருந்தது. வட்டம் என்றால் நான்கு பேர். அதில் இருவர் தோசைக்காக வந்தவர்கள்.

“புதுப் பேய் நாவல் எப்படி இருக்கு ஆன்டி?” என்று கேட்டாள் ஷைமா.

“பேய் வர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சு,” என்றார் முத்து பீவி.

“பிடிக்காமலே மாசா மாசம் பேய்க்கதையா வாங்குறீங்களே!”

“நான் எங்க வாங்குறேன்? டேப்லட்ல தானா வந்து நிக்குது லா. வந்ததைப் படிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

ஷைமா டேப்லட்டை எடுத்துப் பார்த்தாள். நாவலில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் அடிக்கோடுகள். கடைசிக் கோடு இன்று காலையில்தான், வேறொரு போனிலிருந்து விழுந்திருந்தது.

முத்து பீவி திரும்பி வந்ததும் ஷைமா பெருமையாகச் சொன்னாள்.

“ஆன்டி, வேற யாரோ உங்க அக்கவுண்ட்ல புகுந்து படிச்சிட்டு இருந்தாங்க. ஆளை வெளியேத்திட்டு பாஸ்வர்டையும் மாத்திட்டேன். இனிமே எவனும் உள்ள வர முடியாது!”

முத்து பீவி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அது என் மகன் ஜுஹைர்மா. சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. எங்க இருக்கான்னே தெரியாது. இது என் அக்கவுண்ட்டுங்கிறதை மறந்துட்டான் போல. புதுசா ஒரு கோடு விழுந்தா, புள்ள நல்லா இருக்கான்னு நெனச்சுக்குவேன்.”

ஷைமா பழைய பாஸ்வர்டையே திரும்பப் போட்டுப் பார்த்தாள்; ஏற்கவில்லை.

“பாஸ்வர்ட் கேட்டு உங்களுக்கு போன் பண்ணுவாரு இல்ல, ஆன்டி?”

“அவங்க வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணப்பவே போன் பண்ணலையேம்மா. பேய்க்கதைக்கா பண்ணப் போறான்?”