பாறை விளிம்பு வண்டு

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவு அதிகாரியிடம் ஒரு தீப்பெட்டியை நீட்டினார் பெரியவர். உள்ளே செத்துப்போன சிவப்பு வண்டு ஒன்று.

அதிகாரி அதை உற்றுப் பார்த்தார். "வலைச்சிறகு வண்டு ஐயா. இந்தச் சிவப்பைப் பார்த்தாலே பறவை தொடாது. அவ்வளவு கசப்பு."

"எங்க இருக்கும்?"

"புழுவா இருக்கறப்போ மக்கின மரத்துலதான் வளரும். அதை விட்டு ரொம்ப தூரம் போகாது."

"எங்க ஊர் மலை உச்சியில, பாறை விளிம்புல அப்படி ஒரு மரம் கிடக்கு."

"அப்போ அங்க இருக்கும். ஆசைப்பட்டு ஏறிடாதீங்க. ஈர மரம், கால் வச்சா வழுக்கிடும்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"எதுக்கு ஐயா?"

"இந்த வண்டு என் மகனோட சட்டைப்பையில இருந்துச்சு. அங்கேருந்து குதிச்சுச் செத்தான்னு சொந்தக்காரங்க பேசறாங்க. சாகப் போறவன் வண்டு பிடிப்பானா?"